வீட்டுப் பழந்துணியில் குடும்பக் கதை தைக்கும் தங்கல் முகாம்: நடத்த விரும்புவோருக்கு ஒரு வழிமுறை

பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும் ஒரு பழைய சேலையை வெளியே எடுத்து, இது யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, அதைக் கட்டிக்கொண்டு எங்கே போனார்கள், அதன் முந்தியில் இருக்கும் கறை எப்படி வந்தது என்று அரை மணி நேரத்துக்குப் பேச்சு நீளும். மறுநாள் அந்தச் சேலை மறுபடி பெட்டிக்குள் போய்விடும். பேச்சும் அதோடு போய்விடும். அந்தப் பேச்சை அதே துணியின் ஒரு துண்டிலேயே கையால் தைத்து வைப்பதற்காக, எட்டுப் பேர் ஒரு வீட்டில் நான்கு இரவு தங்கும் முகாம்களைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நடத்தி வருகிறேன். அப்படியொரு முகாமைத் தாமும் நடத்த விரும்புவோருக்காக, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அழகான எம்பிராய்டரி கற்றுத்தருவது இந்த முகாமின் வேலை அன்று. அதற்கு நல்ல ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே தையல் மெதுவாக நடப்பதுதான் முக்கியம். கை வேலையில் இருக்கும்போதும், கண் துணியில் பதிந்திருக்கும்போதும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், நேராகக் கேட்டால் சொல்லாத செய்திகளை மனிதர்கள் தாமாகவே சொல்லத் தொடங்குகிறார்கள். நாள் முழுவதும் தைத்துவிட்டு இரவு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த மனநிலை வாய்ப்பதில்லை என்பதால்தான் தங்கல் முகாம் தேவைப்படுகிறது. சமையலும் வீட்டுக் கவலையும் இல்லாத இரண்டாம் நாள் பிற்பகலில்தான் பெரும்பாலும் உண்மையான கதை வெளிவருகிறது.

காலமும் வீடும்

பொங்கல் முடிந்து தை பிற்பாதியிலிருந்து மாசி முடியும் வரை உள்ள வாரங்களே இந்தக் கடற்கரையில் இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் எந்த வாரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் விரல் வியர்த்து ஊசி வழுக்குவதோடு, வெளிர் நிறத் துணியில் வியர்வைக் கறையும் ஏறிவிடும். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரிக்காகக் கூடும் கூட்டத்தை மனத்தில் வைத்து, அந்த நாளைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் புதுச்சேரியில் தங்குமிடங்களின் வாடகை ஏறிவிடும். ஆகவே ஞாயிறு மாலை வந்து சேர்ந்து வியாழன் நண்பகலில் கிளம்பும்படி வைத்துக்கொண்டால் செலவும் குறையும், தெருவும் அமைதியாக இருக்கும். முன்கூட்டியே வந்துவிடுபவர்கள் காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் துணிகளையும் பார்த்துவிட்டு வரலாம்.

திண்ணையும் தாழ்வாரமும் நடுவில் முற்றமும் உள்ள பழைய வீடு கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். முற்றத்து வெளிச்சம் மேலிருந்து சீராக இறங்குவதால் துணியில் கையின் நிழல் விழாது. அப்படிப்பட்ட வீடு கிடைக்காவிட்டால், வடக்குப் பார்த்த பெரிய சன்னல் உள்ள கூடம் போதும். தரையில் கோரைப்பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்காருவது பலருக்கு வசதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும், ஏனெனில் கைப்பிடி இருந்தால் நூலை இழுக்கும்போது முழங்கை இடிக்கும். காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையும், பிற்பகல் மூன்றரை முதல் ஐந்தரை வரையும் தைக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கு வைத்த பிறகு ஊசியைக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அந்தக் கட்டுப்பாட்டை நான் அப்படியே முகாம் விதியாக வைத்திருக்கிறேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கருநீலத் துணியில் தைத்தால் மறுநாள் காலை கண் எரியும். மாலை நேரம் பேச்சுக்கும், நூல் பிரித்து வைப்பதற்கும், கடற்கரைக்குப் போய் வருவதற்கும் உரியது.

எட்டுப் பேர் என்று நான் சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் மாலை ஒவ்வொருவரும் தம் துணியைப் பற்றிப் பேசக் கால் மணி நேரம் வேண்டும். எட்டுப் பேருக்கு அது இரண்டு மணி நேரம். அதற்கு மேல் உட்கார்ந்து பிறர் கதையைக் கவனமாகக் கேட்க யாராலும் முடியாது. ஆண்களும் வரட்டும். அப்பாவின் கைலியையும் தாத்தாவின் மில் சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து, ஊசியில் நூல் கோக்கவே முதல் நாள் முழுவதும் எடுத்துக்கொண்ட ஆண்கள், கடைசி நாளில் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் முன்பே எழுத வேண்டிய கடிதம்

முகாமின் பாதி வேலை கடிதத்தில் நடந்துவிடும். வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் முன்பே எழுதி, வீட்டிலிருந்து ஒரு முதன்மைத் துணியும் மூன்று நான்கு துணைத் துணிகளும் எடுத்துவரச் சொல்ல வேண்டும். முதன்மைத் துணி என்பது கதை உள்ள துணி. துணைத் துணிகள் என்பன அதே வீட்டின் பழைய வேட்டி, பாவாடை, தாவணி, தலையணை உறை போன்றவை. புதுத் துணி எதுவும் வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதிப் பேர் கடையில் வாங்கிய காட்டன் துணியோடு வந்து நிற்பார்கள். பழைய துணியைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் சாமான் வாங்கிய வீடுகள்தாம் நம்முடையவை என்பதால், ஒன்றுமே மிச்சமில்லை என்று சிலர் பதில் எழுதுவார்கள். அவர்களைப் பரணில் பழைய தலையணைக்குள்ளும், தையல் மிஷின் டிராயருக்குள்ளும், அடுப்படியில் பிடிதுணியாகக் கிடப்பவற்றிலும் தேடச் சொல்லுங்கள்.

துணியை வெட்டலாமா என்பதை முகாமுக்கு வந்து தீர்மானிக்கக் கூடாது. அது வீட்டில் பேசி முடிக்க வேண்டிய காரியம். ஒரு முகாமில் ஒரு பெண், தாயின் கூறைச்சேலையை வெட்டும் எண்ணத்தோடு வந்திருந்தார். கத்தரியைக் கையில் எடுத்த பிறகுதான் மதுரையில் இருக்கும் அக்காவுக்கு இது தெரியாது என்றார். அன்று இரவு தொலைபேசியில் இருவரும் அழுதார்கள், சேலை வெட்டப்படவில்லை. அதன் பின் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இந்தத் துணியில் உரிமை உள்ள உடன்பிறந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள், ஒருவர் வேண்டாம் என்றாலும் வெட்ட வேண்டாம். சேலையைச் சிதைக்காமலேயே செய்யலாம். சேலையின் உள்முனையில், கொசுவத்துக்குள் மறையும் பகுதியில், ஒரு சாண் துணி எடுப்பதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அதற்கும் மனம் வராவிட்டால், அவிழ்ந்து தொங்கும் கரை இழைகளை மட்டும் உருவி நூலாகப் பயன்படுத்தலாம். வங்காளத்துக் காந்தா தையலில் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால்தான் தைத்தார்கள். அம்மாவின் சேலை முழுதாகப் பெட்டியில் இருக்கும். அதன் இழை மகளின் தையலில் இருக்கும்.

இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. நல்ல காரியத்துக்கு உடுத்தியதைக் கிழிக்கக் கூடாது என்பாரும் உண்டு. அவற்றை மூடநம்பிக்கை என்று வாதாடுவது நடத்துபவரின் வேலை அன்று.

துணியைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். இது முக்கியம். சேலையின் மூலையில் தடவிய மஞ்சள், அது நல்ல நாளில் புதிதாக உடுத்தப்பட்டது என்பதற்கான சாட்சி. சோப்புப் பட்டால் மஞ்சள் முதலில் சிவந்து, பிறகு வெயிலில் வெளுத்து இல்லாமலே போய்விடும். பழைய வேட்டியின் ஓரத்தில் கறுப்பாகச் சிறு கோடும் புள்ளியும் இருந்தால் அது சலவைக்காரர் சேங்கொட்டைப் பாலால் இட்ட குறி. எத்தனை வெள்ளாவியிலும் அழியாத அந்தக் குறி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் ஒரு குடும்பத்துக்கென்று ஒரு கையெழுத்து இருந்தது என்றே அதைப் பார்க்க வேண்டும். தைக்கும் படத்தின் மூலையில் அதே குறியை எடுத்துத் தைத்தவர்கள் உண்டு. சிறுமியின் பாவாடையில் வைத்த டக்குகளை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டிருப்பார்கள். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டைகளை எண்ணினால் பெண் எத்தனை முறை வளர்ந்தாள் என்பது தெரிந்துவிடும். ரவிக்கையின் பக்கத் தையல் பிரிக்கப்பட்டுத் திரும்பப் பிடிக்கப்பட்டிருந்தால், அக்காளின் ரவிக்கை தங்கைக்கு வந்திருக்கலாம், அல்லது ஒரு பிள்ளைப்பேறு நடந்திருக்கலாம். சேலையின் நடுவில் மட்டும் நீளவாக்கில் இழை தேய்ந்திருந்தால், அது ஏணை கட்டிய சேலையா என்று கேளுங்கள். இப்படித் துணியைப் படிக்கும் பழக்கத்தைக் கடிதத்திலேயே தொடங்கிவைத்தால், வரும்போதே கேள்விகளோடு வருவார்கள்.

ஊசி, நூல், அடித்துணி

செலவு அதிகமில்லை. அடித்துணிக்குப் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டால் போதும். அது இல்லாவிட்டால் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய மல்லுத் துணி. காடாத் துணி தடிப்பாக இருப்பதால், புதிதாகத் தைப்பவர்களின் விரல் இரண்டாம் நாளே நொந்துவிடும். எம்பிராய்டரி நூல் கண்டு ஒன்றில் எட்டு மீட்டர் இருக்கும். அதில் ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக்கொண்டால் கண்டு ஒன்றுக்கு 24 மீட்டர் கிடைக்கும். ஒரு முறைக்கு நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்க வேண்டாம் என்று ஆசைப்பட்டு இரண்டு முழம் எடுப்பவர்களுக்கு, சிக்கெடுக்கவே நேரம் போய்விடும்.

கடற்கரை ஊரில் ஊசி துருப்பிடிக்கும். புதுச்சேரியில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டில் இரவு முழுவதும் திறந்து வைத்த ஊசிப் பொட்டலம் காலையில் பழுப்பேறி இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஊசிகளை மூடி உள்ள சிறு டப்பாவில் வைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, தைக்கும்முன் பழந்துணியில் நான்கு முறை குத்தி எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கண் பெரிதான எம்பிராய்டரி ஊசியும், வயதானவர்களுக்காக ஊசியில் நூல் கோக்கும் கம்பியும், நடுவிரலுக்கு மாட்டும் தையல் கூடும் ஆளுக்கு ஒன்று வேண்டும். வளையத்தில் பூட்டித் தைப்பதை இந்த வேலைக்கு நான் விரும்புவதில்லை; நைந்த துணியை வளையம் இழுத்துக் கிழித்துவிடும், மடியில் துணி தளர்வாகக் கிடக்கும் சுகமும் போய்விடும்.

வந்த துணிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்ல இழுத்தால் இழை விலகும் துணிக்குப் பின்னால் மல்லுத் துணி வைத்து, பிறகு பிரித்துவிடக்கூடிய நீளத் தையலால் பிடித்துக்கொண்ட பின்னரே மற்ற வேலை. சாயம் போகுமா என்பதை ஈர வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி, சிவப்புச் சுங்குடியை வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டாம். ஜரிகைக் கரை மடிப்பில் ஒடிந்திருக்கும். அதை ஊசியால் குத்தாமல் மேலே வைத்து இருபுறமும் சிறு தையலால் அமர்த்த வேண்டும். எழுபதுகளின் நைலெக்ஸ் சேலை ஊசிக்கு அடங்காமல் நழுவும். அதை ஒதுக்க வேண்டாம். அந்தக் காலத்து அம்மாக்கள் எத்தனை ஆசையோடு வாங்கியது அது! ஓரத்தை உள்ளே மடித்து நெருக்கமாகத் தைத்தால் நிற்கும்.

முதல் மாலையும் மூன்று நாள்களும்

முதல் மாலை யாரும் ஊசியைத் தொடுவதில்லை. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தம் துணியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார். அது கைமாறி வட்டத்தைச் சுற்றி வரும் வரை அவர் பேசுகிறார். இடையில் கேள்வி கேட்கலாம். ஆறுதல் சொல்லவோ, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று தொடங்கித் தம் கதையைச் சொல்லவோ கூடாது. ஒருவர் மட்டும் நோட்டில் பெயர், ஊர், ஆண்டு, உறவு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்கிறார். "எங்க ஆயா" என்று மட்டும் சொன்னால், ஆயாவின் பெயர் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். பாட்டியின் பெயரைச் சொல்ல முடியாமல் தடுமாறும் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். அன்று இரவே ஊருக்குப் போன் செய்து கேட்டு வந்துவிடுவார்கள். வட்டத்தில் சொன்னது வட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும், துணியின் படத்தை அதன் உரியவரைக் கேட்காமல் யாரும் எங்கும் பகிரக் கூடாது என்பதையும் அன்றே எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை ஓட்டுத் தையல் மட்டும். ஊசி மேலும் கீழுமாகப் போய் வருவதைத் தவிர அதில் எந்த வித்தையும் இல்லை; அதனாலேயே அது இந்த வேலைக்குப் போதும். 30 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டுத் தையலால் நிரப்ப 60 வரிசை வேண்டும். மொத்தம் 18 மீட்டர் தையல். வரிசைக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் மூன்று நாளில் பதினைந்து மணி நேரம்; வெளியே போய் வரும் செவ்வாய் பிற்பகலின் இரண்டு மணி நேரத்தைக் கழித்தால் பதின்மூன்று மணி நேரம் கிடைக்கிறது; மீதி மூன்று மணி நேரம் உருவங்களை வைத்துத் தைப்பதற்கும், பிரித்துத் தைப்பதற்கும், சும்மா இருப்பதற்கும். இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிட்டால் அவசரம் அடங்கும். பெரிய துண்டு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மறுத்துவிடுங்கள். எழுதுவதற்குச் சங்கிலித் தையலும், கொடி, கயிறு, ஆறு போன்ற வளைவுகளுக்குக் காம்புத் தையலும் இரண்டாம் நாள் காட்டினால் போதும். வேறு தையல் வேண்டாம்.

கதையைப் படமாக்கும் இடத்தில்தான் நடத்துபவரின் துணை அதிகம் தேவைப்படுகிறது. பெரும்பாலோர் தாத்தாவின் முகத்தைத் தைக்க விரும்புவார்கள். முகம் வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள்; பழக்கமில்லாத கையில் முகம் யாரைப் போலவும் இல்லாமல் வந்து, தைத்தவரை வருத்தப்படுத்தும். அவர் கையில் எப்போதும் இருந்தது எது, எங்கே உட்காருவார், வாசலில் என்ன மரம் என்று கேளுங்கள். ஒரு முழு வாழ்க்கையை ஒரு சதுரத்துக்குள் அடைக்க முயல்பவர்களிடம், ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் கதையோடு வந்த ஒருவர், கப்பல், துப்பாக்கி, கொடி என்று பெரிய வரைபடமே போட்டிருந்தார். நாள் முழுவதும் பேசிய பிறகு அவர் தைத்தது, வீட்டுத் திண்ணையையும், அதில் தபால்காரருக்காக ஒவ்வொரு பகலும் காத்திருந்த கொள்ளுப்பாட்டியின் வெற்றிலைப் பெட்டியையும்தான். கொள்ளுப்பாட்டியின் சேலைத் துண்டே திண்ணையாகியது. துணியின் இயல்பையே படத்தின் பொருளாக்குவதைப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறேன்: கட்டம் போட்ட கைலி வயலாகிறது, முந்தியின் கோடுகள் கடலாகின்றன, வெளுத்த பாவாடை வெயிலாகிறது. ஒன்றுமே வரைய வராதவர்களுக்குக் கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் போர்வை தைக்கும் முறை உதவும். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, கைக்குக் கிடைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கிப் போகிறார்கள், முன்வரைவு தேவையில்லை. வீட்டில் யார் யாருடைய துணி எதன் பக்கத்தில் வந்து உட்காருகிறது என்பதிலேயே கதை உருவாகிவிடும்.

அரைநாள் வெளியே

செவ்வாய்க்கிழமை பிற்பகலை ஊருக்காக ஒதுக்குங்கள். இந்தக் கரையில் துணி இல்லாத குடும்பக் கதை அரிது. புதுச்சேரியிலிருந்து கினி துணி எனப்பட்ட, அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் வரை போனது. திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது. 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) துணி ஆலை புதுச்சேரியின் கடலூர் சாலையில் இருக்கிறது. அதை ரோடியர் மில் என்றே சொல்லும் முதியவர்கள் இன்னும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1937இல். மில்லில் வேலை பார்த்தவரின் மகளோ பேரனோ கூட்டத்தில் இருந்தால், ஆலை வாசலில் நின்று அவர்களைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேசாதீர்கள். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னதும், அன்று வரை என்ன தைப்பது என்று தெரியாமல் இருந்த இன்னொருவர் தம் அம்மாவின் அடுப்படியைத் தைக்கத் தொடங்கினார்.

முகாம் கடலூரில் என்றால் குறிஞ்சிப்பாடிக்குப் போய்க் கைத்தறிக் கைலி நெய்பவர்களைப் பார்க்கலாம். குழியில் கால் வைத்து நெய்பவரின் அருகே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே, தம் மடியில் கிடக்கும் துணி எத்தனை உழைப்பு என்பது விளங்கும். புதுச்சேரியில் என்றால் ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி மையத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போகலாம். அங்கே பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய நேரம் கூலிக்குரியது என்பதை மறக்காமல், குறைவாகப் பேசி, கவனமாகப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

துணியே இல்லாதவர்

கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. முதல் மாலை அவர் முறை வந்தபோது, "2004 டிசம்பர் 26ஆம் தேதி வரைக்கும் எங்ககிட்டயும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நான் எழுதிய கடிதம் அவருக்கு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் அந்த மூன்று நாளில் செய்ததையே இப்போது கடிதத்தில் ஒரு வழியாக எழுதுகிறேன். வெறும் வெள்ளை மல்லுத் துணியில் பெட்டி ஒன்றின் வடிவத்தை ஓட்டுத் தையலால் வரைந்துகொண்டார். அதற்குள் இருந்த ஒவ்வொரு துணியையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நாங்கள் எங்கள் துணைத் துணிகளிலிருந்து அந்த நிறத்துக்கு அருகில் வரும் துண்டைத் தேடிக் கொடுத்தோம். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை என்றார். ஒருவருடைய மாமியாரின் சேலையில் அது கிடைத்தது. மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எடுத்த நீலச் சட்டை என்றார். அதற்கு மட்டும் ஒத்த நிறம் எங்கள் யாரிடமும் இல்லை. அந்த இடத்தைத் தைக்காமல் வெள்ளையாகவே விட்டுவிட்டார். வெள்ளத்திலும் புயலிலும் தீயிலும் எல்லாம் இழந்தவர்கள் இந்தக் கரையில் நிறைய. 2011 தானே புயலில் கூரையோடு பெட்டியும் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கடிதத்தில் துணி கொண்டுவாருங்கள் என்ற வரிக்கு அடுத்து, துணி இல்லாவிட்டாலும் வாருங்கள், நினைவில் இருந்து தைக்கலாம் என்ற வரியும் இருந்தே ஆக வேண்டும்.

அழுகை வரும். வந்தால் தையலை நிறுத்த வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடரட்டும். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு ஒருவரையே பார்ப்பது அவருக்குப் பெரும் சுமையாகிவிடும். வீட்டில் நடந்த வன்முறையோ, அண்மையில் நேர்ந்த மரணமோ பேச்சில் வந்து, ஒருவர் தூங்க முடியாமல் தவித்தால், அதைத் தையலால் சரிசெய்துவிடலாம் என்று எண்ணாமல், அவருக்கு நெருங்கியவரிடமும் மனநல மருத்துவரிடமும் கொண்டு சேர்ப்பதே முறை. யாராவது நடுவில் கதையை மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றிக்கொள்ளட்டும். ஏன் என்று கேட்க வேண்டாம்.

கடைசி நாள்

வியாழன் காலை பெரும்பாலோர் துண்டு முடிந்திருக்காது. முடிக்க வேண்டும் என்று இரவு கண் விழிப்பதை அனுமதிக்காதீர்கள். வீட்டுக்குப் போய் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருக்கும்போது முடிக்கட்டும். அப்போது அவர்கள் திருத்தம் சொல்வார்கள், அந்தக் கிணறு வலப்பக்கம் இருந்தது என்பார்கள், கதை இன்னும் கொஞ்சம் வளரும். ஆனால் பின்புறத் துண்டை மட்டும் முகாமிலேயே முடித்துவிட வேண்டும். உள்ளங்கை அளவு வெள்ளைத் துணியில், துணிக்கு உரியவரின் முழுப்பெயர், ஊர், துணி என்ன, எந்த ஆண்டு, தைத்தவர் பெயர், அவருக்கு என்ன உறவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, அதன் மேல் சங்கிலித் தையலால் தைத்து, பின்னால் நான்கு ஓரமும் பிடித்துவிட வேண்டும். முன்னால் இருக்கும் படம் அறுபது ஆண்டு கழித்து யாருக்கும் புரியாமல் போகலாம். பின்னால் இருக்கும் பெயரை அன்றும் படிக்க முடியும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், எமர்ஜென்சிக்கு முன், சுனாமிக்குப் பின் என்பது போலத் தெரிந்த அளவு தைக்கலாம்.

பொதியும்போது பிளாஸ்டிக் பையில் போடாமல், துவைத்த வேட்டித் துணியில் சுற்றிக் கொடுங்கள். மடிக்காமல் சுருட்டினால் மடிப்புக் கோட்டில் இழை ஒடியாது. பூச்சிக்கு வேப்பிலையோ வசம்போ வைப்பதானால் தனியாகப் பொட்டலம் கட்டி வைக்க வேண்டும், துணியின் மேல் நேராகப் படக் கூடாது. சுருட்டும்முன் ஒவ்வொருவரும் தம் துண்டை விரித்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, குத்தி வைத்த ஊசி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளட்டும். பாதித் தையலில் ஊசியை அப்படியே குத்தி வைத்தால் வீட்டுக்குப் போய் விட்ட இடத்தில் தொடரலாம் என்று தோன்றும். இந்தக் கடற்காற்றில் ஒரு வாரம் போதும், அந்த இடத்தில் ஊசி நீளத்துக்குத் துருக்கறை விழுந்துவிடும், எலுமிச்சம்பழம் தேய்த்தும் முழுதாகப் போகாது. ஊசியை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, நூலின் நுனியை நான்கு விரற்கடை விட்டு, அதில் ஒரு தளர்முடிச்சுப் போட்டு அனுப்புங்கள்.